கடுகு போல ஒரு விதை

தில்லிப் பக்கம் வேலைக்கு வருகிற தமிழனுக்கு முதல் எதிரி குளிர் என்பார்கள். என்னைக் கேட்டால் கடுகெண்ணெய்தான். நம் வீட்டில் கடுகு என்றால் தாளிக்க அரை ஸ்பூன். வெடித்தது, வேலை முடிந்தது. இங்கே அதையே செக்கிலாட்டி, புகைய விட்டு, அதில் மீனையும் காலிஃப்ளவரையும் வறுக்கிறார்கள். வந்த புதிதில் படிக்கட்டு ஏறும்போதே மூக்கில் ஏறும். இப்போது பழகிவிட்டது. ஊறுகாய்க்கு அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டேன் :-)

ஆனால் நான் இங்கே எழுத வந்தது கடுகெண்ணெயைப் பற்றி இல்லை. அதற்குள் ஒளிந்துகொள்ளத் தெரிந்த ஒரு செடியைப் பற்றி.

நொய்டாவில் நாங்கள் இருக்கும் குடியிருப்புக்குப் பின்னால், கட்டுமானம் பாதியில் நின்றுபோன மனை ஒன்று இருக்கிறது. செங்கல் துண்டு, சிமென்ட் மூட்டைக் கிழிசல், தோண்டிப் போட்ட மண்மேடு. பிப்ரவரி பிறந்ததும் அந்த மண்மேடு முழுக்க மஞ்சள் பூ. காகிதத்தில் செய்த மாதிரி மெல்லிய இதழ்கள், இலை முழுக்க முள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ரயில் பாதை ஓரமும் சுடுகாட்டு வழியிலும் நிற்கிற அதே பிரமதண்டு. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம். கீழ் வீட்டு அம்மாவிடம் இதற்கு இந்தியில் என்ன பெயர் என்று கேட்டேன். புலந்த்ஷகர் பக்கத்து விவசாயக் குடும்பம் அவர்களுடையது. "அதைத் தொடாதே பேட்டா, அது சத்யானாசி" என்றார்.

சத்யானாஷ் என்றால் அடியோடு நாசம். இங்கே யாராவது காரியத்தைக் கெடுத்தால் தலையில் அடித்துக்கொண்டு சொல்லும் சொல். ஒரு பூவுக்குப் போய் இப்படி ஒரு பெயரா என்று யோசித்தபோது, நம் பழைய அகராதிகளில் பிரமதண்டுக்கு இருக்கும் இன்னொரு பெயர் நினைவுக்கு வந்தது: குடியோட்டிப் பூண்டு. குடியை ஓட்டுவது. இந்திக்காரரும் தமிழரும் கூடிப் பேசி வைத்த பெயர்கள் இல்லை இவை. இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியே ஒரே செடியைப் பார்த்து ஏறக்குறைய ஒரே வசவைத் திட்டியிருக்கிறார்கள். அது ஏன் என்று தேடப் போனதில் கிடைத்த கதைதான் இது.

முதலில் அடையாளம். தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும் செடி. இலை சாம்பல் பூத்த பச்சை. நரம்புகளை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடியிருக்கும். காம்பு இல்லாமல் தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும், ஓரமெல்லாம் முள். பூவில் பெரும்பாலும் ஆறு இதழ், நல்ல எலுமிச்சை மஞ்சள். நடுவில் மகரந்தத் தாள்கள் கூட்டமாக நிற்க, சூல்முடி மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். காய் நீள்வட்டம், அதிலும் முள். முற்றியதும் தலைப்பக்கம் பிளந்து வாய் திறக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் கறுப்பு விதை.

சந்தேகம் இருந்தால் தண்டை ஒடித்துப் பாருங்கள். மஞ்சள் கரைத்த மாதிரி பால் வரும். கண்டங்கத்திரிக்கும் முள் உண்டு. ஆனால் அதன் பூ ஊதா, ஒடித்தால் பால் வராது. குசும்பாச் செடியும் முள்தான், ஆனால் பூ ஆரஞ்சுக் கொத்து. முள்ளிலை, மஞ்சள் பூ, மஞ்சள் பால் மூன்றும் சேர்ந்தால் அது இவர்தான். வட இந்தியாவில் இதன் தம்பி ஒருவரும் உண்டு. இதழ் வெளிறி வெண்ணெய் நிறத்தில் இருக்கும். மொட்டு உருண்டையாக இல்லாமல் சற்று நீண்டிருக்கும். தாவரவியலில் அது தனி இனம். அண்ணன் பெயர் ஆர்ஜிமோன் மெக்சிகானா, தம்பி பெயர் ஆர்ஜிமோன் ஆக்ரோலூக்கா. இரண்டும் நம் கசகசாவின் குடும்பம். விஷத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை.

அண்ணன் பெயரிலேயே ஊர் இருக்கிறது. லின்னேயஸ் 1753ல் மெக்சிகானா என்று எழுதிவைத்துவிட்டார். மெக்சிகோவும் அதைச் சுற்றிய வெப்ப மண்டல அமெரிக்காவும்தான் இதன் பிறந்த வீடு. மிளகாய், கொய்யா, முந்திரி, உருளைக்கிழங்கு எல்லாம் வந்த அதே கடல்வழித் தொடர்பில் வந்தது. மிளகாயை நாம் அடுப்படிவரை கூட்டிப்போய் உட்கார வைத்தோம். இதை யாரும் கூப்பிடவில்லை. வாசலிலேயே குந்திக்கொண்டது.

அந்நியச் செடி என்பதை மக்களின் வாய்மொழி மறக்கவில்லை. வடக்கிலும் தக்காணத்திலும் இதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்று ஃபிரங்கி தத்தூரா. அதாவது பறங்கி ஊமத்தை. பறங்கிக்காய் என்று நாம் சொல்வது போலத்தான். வங்காளத்தில் சியால்காண்டா, நரிமுள். மறந்தது யார் என்றால் ஏட்டு வைத்தியம். சரக சம்ஹிதையில் ஸ்வர்ணக்ஷீரி என்று ஒரு மூலிகை வருகிறது. பொன்னிறப் பால் உள்ளது என்று பொருள். பின்னால் வந்தவர்கள் மஞ்சள் பாலைப் பார்த்ததும் அந்தப் பெயரை இந்த மெக்சிகோக்காரருக்குச் சூட்டிவிட்டார்கள். கொலம்பஸ் கப்பலேறியது 1492ல். சரகர் சொன்ன செடி இதுவாக இருக்க வழியே இல்லை. நம் பிரமதண்டு என்ற பெயரிலும் இதே சிக்கல். பிரம்மதண்டி என்று வடக்கில் சொல்லும் மூலிகை வேறு ஒரு செடி. பழைய பெயர் புதுச் செடிக்கு ஒட்டிக்கொள்ளும்போது பழைய செடியின் நற்பெயரும் கூடவே வந்துவிடுகிறது. நாட்டு மருந்துக்காகச் செடி தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது உழாத காட்டுக்குள் போகாது. நல்ல புல்வெளியிலும் நிற்காது. மனிதன் மண்ணைக் கிளறிப்போட்ட இடம்தான் இதற்கு வேண்டும். சாலை போட வெட்டிய கரை, ரயில் பாதை ஓரம், ஆற்று வெள்ளம் வடிந்த மணல், அறுவடை முடிந்து கிடக்கும் வயல், பாதியில் நின்ற கட்டடம். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். யாராவது மண்ணைப் புரட்டினால் எழுந்துவிடும். முள் இருப்பதால் ஆடும் மாடும் வாய்வைக்காது. பிரிட்டிஷ் இந்தியா முழுக்க ரயிலும் கால்வாயும் சாலையும் வெட்டப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு இதற்கு எப்பேர்ப்பட்ட பொற்காலம் என்று யோசித்துப் பாருங்கள். 1870களில் வெளிவரத் தொடங்கிய ஹூக்கரின் இந்தியத் தாவரங்கள் நூலின் முதல் தொகுதியிலேயே இந்தச் செடி இடம்பிடித்துவிட்டது. தாவரவியல்காரர்களுக்கு அது அதற்குள் தெருவோரத்துப் பழைய முகம்.

அதே 1870களில், 1877ல், கல்கத்தாவில் ஒரு புது நோய் கிளம்பியது.

கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வயிற்றுப்போக்கு, தோல் சிவப்பு, மூச்சு வாங்கல். சிலருக்கு இதயம் தளர்ந்து மரணம். ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வரும். லயன் என்ற மருத்துவர் அதைப் பதிவு செய்தார். அடுத்தடுத்து மொரீஷியஸில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியத் தொழிலாளர்களிடையே இதே நோய் தெரிந்தது. ஆங்கிலத்தில் எபிடெமிக் டிராப்ஸி என்றார்கள். கொள்ளைநோய் போலப் பரவும் நீர்வீக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்ன காரணம்? வீடு வீடாக வருவதால் தொற்று என்றனர் சிலர். கால் வீக்கத்தைப் பார்த்து இது பெரிபெரிதான் என்றனர் சிலர். கெட்டுப்போன புழுங்கலரிசிதான் காரணம் என்ற கட்சி இருபதாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதி முழுக்க வலுவாக இருந்தது. பெயர் பெற்ற மருத்துவர்களே அரிசியில் விஷம் தேடினார்கள். இத்தனைக்கும் துப்பு கண்ணெதிரே இருந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த நோய் வருவதில்லை. ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்களுக்கு வருகிறது. தொற்று என்றால் மடியில் கிடக்கும் குழந்தையை விட்டுவிட்டு மாமனாரைப் பிடிக்குமா?

1920களில்தான் விரல் எண்ணெய்ப் பக்கம் திரும்பியது. சர்க்கார் என்ற மருத்துவர் 1926ல் இந்தச் செடியின் எண்ணெயைக் குற்றம் சாட்டி எழுதினார். 1930களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் ஆர். பி. லால் குழுவினர் நோய் வந்த வீடுகளின் சாப்பாட்டைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். அரிசி விடுதலையானது, கடுகெண்ணெய் மாட்டிக்கொண்டது. எல்லாக் கடுகெண்ணெயும் இல்லை, பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெய். 1939ல் மனிதர்களுக்கே அந்த எண்ணெயை அளந்து கொடுத்து, அதே வீக்கம் வருவதைக் காட்டினார்கள். படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அறுபது ஆண்டு வழக்கு அதில்தான் முடிந்தது. 1948ல் எஸ். என். சர்க்கார் விஷத்தைத் தனியே பிரித்து 'நேச்சர்' இதழில் எழுதினார். அதன் பெயர் சாங்குவினரின். இது நுண்ணிய ரத்தக் குழாய்களை விரித்துக் கசிய வைக்கிறது. கசிந்த நீர் காலில் தேங்குகிறது. நுரையீரலுக்குப் போனால் மூச்சு முட்டுகிறது.

இந்த அறுபது வருடக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. செடியை அறிந்தவர்கள் அதற்கு லத்தீன் பெயர் வைத்து, காய்ந்த மாதிரி ஒட்டி அலமாரியில் அடுக்கிவிட்டார்கள். நோயை அறிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள். கல்கத்தாவில் அந்தக் காலத்தில் ஆசியாவின் பெரிய தாவரத் தோட்டங்களில் ஒன்று இருந்தது, பெரிய மருத்துவக் கல்லூரியும் இருந்தது. நடுவில் ஹூக்ளி ஆறு மட்டும்தான்!

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்கிறீர்களா? 1998க்கு வாருங்கள். அந்த வருடம் வெங்காய விலை தில்லி ஆட்சியைக் கவிழ்த்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஆகஸ்டில், தில்லி ஆஸ்பத்திரிகளுக்குக் கால் வீங்கிய குடும்பங்கள் வரத் தொடங்கின. தில்லியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். கடுகெண்ணெய் விற்பனையைத் தடை செய்தார்கள். சோதித்தபோது அதே பழைய பிரமதண்டு எண்ணெய். 1939லேயே தீர்ப்பு எழுதிய வழக்கின் குற்றவாளி, சுதந்திர இந்தியாவின் தலைநகரில்!

கீழ் வீட்டு அம்மா அந்த ஆகஸ்டை நன்றாக நினைவு வைத்திருக்கிறார். வீட்டிலிருந்த டின்னை என்ன செய்வது என்று தெரியாமல், சாக்கடையில் ஊற்ற மனசும் வராமல், பால்கனியில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்களாம். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "எங்கள் மாமியார் கடுகு வாங்கினால் முறத்தில் போட்டு விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் செக்குக்கு அனுப்புவார். டின் வந்த பிறகு யார் பார்க்கிறார்கள்?"

இது தற்செயலா, கலப்படமா? வயலில் கடுகோடு இந்தக் களையும் நிற்கும் என்பது உண்மை. ஆனால் வடக்கில் கடுகு அறுவடை பெரும்பாலும் மார்ச்சோடு முடிந்துவிடும். பிரமதண்டின் காய் வெயில் ஏறிய பிறகு, ஏப்ரல், மே வாக்கில்தான் அதிகமாக முற்றும். ஆகவே பெருமளவில் கலப்பது தானாக நடக்க வாய்ப்புக் குறைவு என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இதன் விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு எண்ணெய் இருக்கிறது. உழவு இல்லை, உரம் இல்லை, தரிசில் சும்மா கிடைக்கிற சரக்கு. கலந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பேராசைக்கு இதைவிட வசதி வேண்டுமா? நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே நோய் வரப் போதும் என்கிறது மருத்துவம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது, அடைத்து முத்திரையிட்டுத்தான் விற்க வேண்டும். நியாயம்தான். ஆனால் இதில் அடிபட்டவர்களில் தெருமுனையில் கண்ணெதிரே ஆட்டித் தந்துகொண்டிருந்த சிறு செக்குக்காரர்களும் உண்டு. வந்தனா சிவா போன்றவர்கள் இது சிறு செக்குகளை ஒழித்து, இறக்குமதி சோயா எண்ணெய்க்கு வழிவிடும் வேலை என்றே எழுதினார்கள். சதி இருந்ததோ இல்லையோ, ஒன்று நடந்தது. வாங்குகிறவனுக்கும் விதைக்கும் நடுவில் இருந்த பார்வை போய்விட்டது. அடைத்த டின் என்பதால் மட்டும் உயிர் தப்பாது. 2005ல் லக்னோவில் இதே நோய் மறுபடி தலைகாட்டியது.

நம்மூரில் இதே செடி மூலைக்கு மூலை நிற்கிறது. ஆனாலும் இந்த நோய் நமக்குக் கேள்விப்படாத பெயராகவே இருக்கிறது. காரணம் நம் புத்திசாலித்தனம் இல்லை, நம் எண்ணெய். நல்லெண்ணெய்க்கு எள் வேண்டும், கடலை எண்ணெய்க்கு நிலக்கடலை வேண்டும். தேங்காயோடு இந்த விதையைக் கலந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கடுகோடு கலந்தால்தான் கண் ஏமாறும். விஷம் செடியில் இருந்தாலும், ஆபத்து அது யாரைப் போல இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

நம் தாளிப்புக் கடுகிலும் எப்போதாவது வந்து சேரலாம் என்பதால், பிரித்தறியும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கடுகை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். கடுகின் தோல் வழவழப்பு. பிரமதண்டு விதை அதைவிடக் கறுப்பு, மேலே வலை பின்னியது போலச் சொரசொரப்பு. சந்தேகப்பட்ட விதையை நசுக்கிப் பாருங்கள். கடுகு உள்ளே மஞ்சள், இது உள்ளே வெள்ளை. நாட்டின் உணவுத் தரக் கட்டுப்பாட்டு ஆணையமும் மக்களுக்கு இதே சோதனையைத்தான் சொல்கிறது. புலந்த்ஷகர் மாமியாரின் விரலுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

இன்னும் ஒன்று. இதன் மஞ்சள் பாலைக் கண்நோய்க்கு விடும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு, வடக்கிலும் உண்டு. ஆர்ஜிமோன் என்ற பெயரே கண்ணில் விழும் வெண்புள்ளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கர்கள் கண் மருந்தாகச் சொன்ன ஏதோ ஒரு கசகசாச் செடியின் பெயரை இதற்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் பெயர் மாறாட்டம்தான். உண்மையில் இந்த எண்ணெயால் டிராப்ஸி வந்தவர்களில் பலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கிளாக்கோமா வந்து, பார்வையே போயிருக்கிறது. பாட்டி சொன்னார், சித்தப்பா விட்டார் என்று யாரும் இதைக் கண்ணில் விட்டுவிடாதீர்கள்.

ஒரு செடியின் பெயரைத் தெரிந்துகொள்வதைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் அதிகம். அலுவலகத்தில்கூட, "பூச்செடி பார்க்கப் போனாயா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எது நம் செடி, எது வந்த செடி, எது எதைப் போல வேஷம் போடும் என்று தெரியாததற்கு 1877லும் விலை கொடுத்தோம், 1998லும் கொடுத்தோம். விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் மலிவு எண்ணெய் வாங்கிய ஏழைகள். குடியோட்டி, சத்யானாசி என்று பெயர் வைத்த கிராமத்துக்காரர்கள் தங்களால் முடிந்த எச்சரிக்கையை அந்தப் பெயர்களிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம்தான் படிக்கவில்லை.